கண்ணையன் நின்ற வரிசை

கோட்டக்குப்பம் ஜகபர் சாதிக்குக்கு யாரையும் மன்னிக்கத் தெரியாது. இதை மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். திண்டிவனத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒருவன் வேண்டுமென்றே அவருடைய குதிரையின் காலடியில் பட்டாசைக் கொளுத்திப் போட்டான். ஒன்பது வருஷம் கழித்து, அவனே தன் தம்பி கல்யாணத்துக்குக் குதிரை கேட்டு வந்து நின்றபோது, சாதிக் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார், உட்கார வைத்தார், பட்டாசு வெடித்த தேதியைச் சொன்னார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பேராசிரியர் கண்ணையன் போய் மாட்டினார்.

சாதிக் பதினான்கு வருஷம் வளைகுடாவில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். ஊரில் எல்லோரும் கடையில் நிற்கவும் கார் ஓட்டவும் போனபோது இவர் சாணி அள்ளப் போனார். மூன்றாவது வருஷம், ஒரு பொலிகுதிரை கட்டை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த வாசலை நோக்கிப் பாய்ந்து வந்தது. லாயத்தின் மூத்த ஆள் ஒரு சூடானி. அவர் ஏழு பேரைக் கூப்பிட்டுக் கைகோத்து வாசலில் நிற்கச் சொன்னார். யாரும் ஓடக் கூடாது என்பது மட்டுந்தான் உத்தரவு. நடுவில் நின்றவர் சாதிக். குதிரை வந்த வேகத்தில் தன் நெஞ்சு உடையப்போகிறது என்றுதான் நினைத்தார். அது இரண்டு முழ தூரத்தில் நான்கு காலையும் ஊன்றி நின்றது, மூச்சு முகத்தில் அடிக்க ஒரு கணம் பார்த்தது, பக்கவாட்டில் திரும்பிப் போய்விட்டது.

அன்றைக்கு அவர் மனதில் ஒரு கேள்வி விழுந்தது. ஏழு பேர் சும்மா கைகோத்து நின்றால் குதிரை நின்றுவிடும் என்றால், ஆயிரக்கணக்கான குதிரைகளை வைத்துக்கொண்டு ராஜாக்களும் நவாபுகளும் எப்படி யுத்தம் ஜெயித்தார்கள்? அப்புறம் எப்படித் தோற்றார்கள்?

ஊருக்குத் திரும்பி வந்து ஜமுனா என்றொரு சிவப்புப் பெட்டையும் இன்னொரு வெள்ளைக் குதிரையும் வாங்கி, கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுத்துக்கொண்டும் கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டும் இருந்த நாட்களில், வாரத்தில் இரண்டு நாள் பாண்டிச்சேரி நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆங்கிலப் புத்தகத்தை மகள் அப்ஸானாவிடம் கொடுத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டதையெல்லாம் நீளமான நோட்டுகளில் தமிழில் எழுதினார். ஆறு வருஷத்தில் நான்கு நோட்டு நிரம்பியது.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஆளை விட மூன்று மடங்கு நீளமான ஈட்டிகளை நட்டுக்கொண்டு, இரும்புக் கவசம் போட்ட பிரபுக்களின் குதிரைகளை நிறுத்தியதை எழுதினார். அதற்குப் பிறகு அங்கே குதிரைக்காரர்கள் கைத்துப்பாக்கியோடு வரிசை வரிசையாகப் போய்ச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்ததையும், அது பலிக்காமல் ஸ்வீடன் ராஜா மறுபடி வாளை உருவிப் பாயச் சொன்னதையும் எழுதினார். ஜப்பானில் மரவேலிக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த காலாட்கள் பேர்பெற்ற ஒரு குதிரைப்படையைச் சாய்த்ததை எழுதினார். செஞ்சியில் தேசிங்கு சில நூறு குதிரைகளோடு நவாபின் பெரும்படைக்குள் பாய்ந்து செத்ததையும், அதற்கு முன்பு அதே செஞ்சியை முற்றுகையிட்டிருந்த மொகலாயப் படையை மராட்டியக் குதிரைகள் நேருக்கு நேர் முட்டாமல், தானியம் வரும் வழியை அறுத்தே பல வருஷம் பேஜாரு பண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் எழுநூறு சிப்பாய்களும், நவாப் மகனுடைய பத்தாயிரம் பேர் கொண்ட படையை ஒரே நாளில் கலைத்தது கடைசி நோட்டில் வந்தது.

இதெல்லாம் புத்தகங்களில் இருப்பதுதான். காரணத்தைத்தான் அவர் தன் உடம்பிலிருந்து எடுத்து எழுதினார். குதிரை சுவரில் மோதாது, சந்தில்தான் நுழையும். ஆகவே நிற்கிறவர்கள் வரிசை விட்டுக் கலைகிற வரைக்கும் குதிரைப்படை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்தது, நம் பக்கத்துச் சவாரிக்காரர்களில் பலருக்குக் குதிரை சொந்தக் குதிரை. அது செத்தால் அவன் பிழைப்பும் அன்றோடு போச்சு. அரசாங்கக் குதிரையில் ஏறி வருகிறவன் துப்பாக்கிக்கு நேரே விடுவான், சொந்தக் குதிரைக்காரன் யோசிப்பான். யோசித்தவனைக் கோழை என்று எழுதிவைத்தவர்களுக்கு ஒரு குதிரைக்குத் தீனி போட்டுப் பழக்கம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடித்த அன்று சாதிக் மனைவி ரிஸ்வானாவைக் கூப்பிட்டு இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

அப்ஸானா திண்டிவனத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தாள். அவள் துறைக்குக் கண்ணையன்தான் தலைவர். அப்பாவின் நோட்டுகளைப் பற்றி அவள்தான் பெருமையாகச் சொன்னாள். கண்ணையன் வாங்கிப் பார்த்தார், சாதிக்கை நேரில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார், இதைப் பிழை திருத்திப் புத்தகமாகப் போட வேண்டியது தன் பொறுப்பு என்றார். சாதிக் நான்கு நோட்டையும் கொடுத்துவிட்டு வந்தார். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பதினோரு மாதம் கழித்து விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் புத்தகம் வெளியானது. பெயர் ‘குதிரையும் துப்பாக்கியும்’. எழுதியவர் முனைவர் கண்ணையன். சாதிக்குக்கு அழைப்பே வரவில்லை. அப்ஸானா ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். அவர் புரட்டிப் பார்த்தார். வாக்கியங்கள் எல்லாம் சுத்தமாகத் துவைத்துத் தேய்த்த மாதிரி இருந்தன, ஆனால் அவருடைய வாக்கியங்கள். முன்னுரையில் ‘குதிரை வளர்ப்போர் சிலரிடமும் தகவல் திரட்டினேன்’ என்று ஒரு வரி. அதைக்கூடப் பொறுத்திருப்பார். நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘என் கள ஆய்வின்போது கட்டறுத்துப் பாய்ந்து வந்த ஒரு குதிரையின் எதிரே ஏழு பேராகக் கைகோத்து நின்றோம். நடுவில் நின்றவன் நான்.’

அவர் எழுத்தைத் திருடினால் திருட்டு. அவர் நின்ற இடத்தையும் அல்லவா கண்ணையன் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கல்லூரிக்குப் போய்க் கண்ணையனிடம் கோபமாகக் கேட்டார். கண்ணையன் சத்தம் போடவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. தேநீர் வரவழைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“பாய், உங்க நோட்ல ஒரு வரிக்கு நாலு தப்பு. அதை மனுஷன் படிக்கிற மாதிரி ஆக்கினது நான். கல்யாணக் குதிரை ஓட்றவர் எழுதினாருன்னு போட்டா எவன் வாங்குவான்? பாப்பாவுக்கு இன்னும் மூணு செமஸ்டர் இருக்கு. இன்டர்னல் மார்க் எல்லாம் என் கையிலதான். நல்லா படிக்கிற பொண்ணு.”

சாதிக் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார். வழியில் மயிலம் திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்தார். அங்கேதான் முடிவு செய்தார். நேரே போய் முட்டினால் தேசிங்கு கதைதான். எதிரி கோட்டைக்குள் இருக்கிறான், பிணையாகப் பெண் இருக்கிறாள். பழைய துருக்கிக் குதிரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோற்றவர்கள் போலத் திரும்பி ஓடுவார்கள், துரத்துகிறவன் வரிசை விட்டு வெகுதூரம் வந்த பிறகு திரும்பி நிற்பார்கள். அதைப் பற்றி அவர் இரண்டாம் நோட்டில் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். கண்ணையனின் புத்தகத்தில் அது மூன்று பக்கமாகச் சுருங்கியிருந்தது. ஆள் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்பது சாதிக்குக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு பேரீச்சம்பழப் பெட்டியோடு கண்ணையன் வீட்டுக்குப் போய், கோபத்தில் பேசிவிட்டதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தார். அப்ஸானா இதைக் கேட்டு அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அவளிடமும் அவர் விளக்கம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கண்ணையன் எங்கே பேசினாலும் சாதிக் முதல் வரிசையில் இருந்து கை தட்டினார். இரண்டாம் பதிப்பின் அட்டைக்குக் கண்ணையனைக் குதிரைமேல் ஏற்றிப் படம் எடுக்க ஜமுனாவையே கொண்டுபோனார். ஏறத் தெரியாமல் வயிற்றைச் சேணத்தில் போட்டுத் தொங்கிய அந்த மனிதரைப் பின்னாலிருந்து தூக்கிவிட்டவரும் அவர்தான். படம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. இரவு தொழுகை முடிந்து எழும்போதெல்லாம் நாற்பத்தோராம் பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்ஸானாவுக்குத் தேர்வு முடிவு வந்து, மாற்றுச் சான்றிதழும் கைக்கு வந்த வாரம், சாதிக் கண்ணையனிடம் ஒரு யோசனை சொன்னார். வல்லத்துக்குப் பக்கத்தில் கல்லூரியின் என்.எஸ்.எஸ். முகாம் நடக்கிறது, நிறைவு நாளில் மைதானத்தில் பிள்ளைகளை வைத்துப் பழைய யுத்தமுறையைச் செய்து காட்டலாம், குதிரை தன் செலவு, புத்தகத்துக்கும் பேர் வரும் என்றார். கண்ணையன் மகிழ்ந்துபோய் உள்ளூர்த் தொலைக்காட்சிக்குச் சொன்னார், கல்லூரி முதல்வரை அழைத்தார், புத்தகம் போட்ட பதிப்பாளரையும் அழைத்தார்.

சாதிக் இரண்டு நாள் முன்னதாகவே போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இருபத்துநான்கு பேர், இரண்டு வரிசை, கையில் மூங்கில் கழி. முன்வரிசை கழியின் அடியைத் தரையில் ஊன்றிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், பின்வரிசை தோளுக்கு மேலே நீட்ட வேண்டும். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். முதலில் ஜமுனாவை நடத்திக்கொண்டு வந்தார், பிறகு சிறு ஓட்டமாக, பிறகு பாய்ச்சலாக. முதல் தரம் பாதிப் பேர் சிதறினார்கள். மாலைக்குள் ஒருவரும் அசையவில்லை, ஒவ்வொரு தடவையும் ஜமுனா பத்தடி முன்னால் நின்று திரும்பியது. எல்லோரிலும் உறுதியாக நின்றது கெடார் ஊர் விவசாயி சுப்பராயலுவின் மகள் கலைப்பிரியா. குதிரை வரும்போது அவள் கண் இமைக்கவில்லை. அவளை முன்வரிசையின் நடுவில் வைத்தார். அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டுவைத்தார்.

நிறைவு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மைதானத்தைச் சுற்றி வல்லத்து ஜனமும் கல்லூரி ஜனமும் சேர்ந்து நின்றது. அப்ஸானாவும் தோழிகளோடு வந்திருந்தாள். கண்ணையன் ஒலிபெருக்கியில் இருபது நிமிஷம் பேசினார். நிற்கிற வரிசையைக் குதிரை உடைக்காது, உடைவது மனிதனின் மனந்தான் என்றார். சாதிக்கின் மூன்றாம் நோட்டில் உள்ள வரி அது. கைதட்டல் அடங்கியதும் சாதிக் குதிரைமேல் இருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“சார் புஸ்தகத்துல நாப்பத்தோராம் பக்கத்துல எழுதிக்கிறாரு. குதிரைக்கு முன்னாடி நடுவுல நின்னவரே அவருதான். புள்ளைங்க தைரியத்துக்கு சாரும் நடுவுல வந்து நின்னா நல்லாருக்கும்.”

முதல்வர் சிரித்துக்கொண்டே கை காட்டினார். பதிப்பாளர் கைபேசியை எடுத்தார். கண்ணையன் எதையோ சொல்லப் பார்த்து, தொலைக்காட்சிக் கேமரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டு நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், காலியாக இருந்த இடத்தில் நின்றார். பின்னாலிருந்து ஒரு பையன் அவர் கையில் கழியைக் கொடுத்தான்.

சாதிக் ஜமுனாவை மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. நூறு அடிக்கு வெளியிலேயே ஆள் ஓடிவிடுவான். அவன் ஓடியதும் கடிவாளத்தை இழுத்துக் குதிரையைத் திருப்பிவிடலாம். யாருக்கும் கீறல் விழாது. நாற்பத்தோராம் பக்கம் பொய் என்று ஊர் பார்க்கும், கேமராவும் பார்க்கும்.

ஜமுனா பாய்ந்தது. இருநூறு அடியில் கண்ணையன் நின்றார். நூறு அடியிலும் நின்றார். முகம் வெளுத்திருந்தது, கழி ஆடியது, ஆனால் ஆள் நின்றார்.

ஒன்றரை வருஷம் காத்திருந்தது கையை விட்டுப் போகிறது என்று சாதிக்குக்குப் பட்டது. நின்றுவிட்டான் என்றால் அந்த நாற்பத்தோராம் பக்கம் இன்றிலிருந்து உண்மையாகிவிடும், அவனுடையதாகவே ஆகிவிடும். கடிவாளத்தை இழுக்க வேண்டிய இடம் வந்தது. அவர் இழுக்கவில்லை. இரண்டு குதிகாலையும் ஜமுனாவின் விலாவில் அழுத்தினார்.

முப்பதடியில் கண்ணையன் கழியைப் போட்டார். பின்னால் ஆள் இருந்ததால் பக்கவாட்டில் பாய்ந்தார், கலைப்பிரியாவின் தோளை இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையின் குறுக்கே ஓடினார். நடுவில் ஒரு சந்து விழுந்தது. சாதிக் அப்போதுதான் இழுத்தார். ஆனால் சந்தைப் பார்த்துவிட்ட குதிரை யார் இழுத்தும் நிற்காது. ஜமுனாவின் தோள்பட்டை கலைப்பிரியாவை அடித்துச் சாய்த்தது. பின்வரிசைப் பையன்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். குதிரை அந்தப் பக்கம் போய் நின்றது.

கலைப்பிரியாவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. சாதிக்தான் அவளைத் தூக்கிக் காரில் வைத்தார், திண்டிவனம் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனார். கண்ணையனை யாரும் தேடவில்லை. அவர் மைதானத்தை விட்டு, முகாமில் பிள்ளைகள் சாப்பிடுகிற பள்ளிக்கூடக் கட்டடம் வரைக்கும் ஓடியிருந்தார்.

கேமராவில் பதிந்த அந்தப் படம் இரண்டு நாளில் விழுப்புரம் ஜில்லா முழுக்கச் சுற்றியது. மாணவியைத் தள்ளிவிட்டு ஓடிய பேராசிரியர் என்று போட்டார்கள். குதிரைக்கு முன்னால் நின்றதாக எழுதியவர்தானா இவர் என்று பதிப்பாளர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அப்ஸானா, அப்பா எழுதும்போது தான் எடுத்து வைத்திருந்த கைபேசிப் படங்களைக் கல்லூரிக்கும் பதிப்பாளருக்கும் அனுப்பினாள். நோட்டின் பக்கங்கள், தேதியோடு. அப்படி ஒன்று அவளிடம் இருந்தது சாதிக்குக்கே தெரியாது. அவர் சமாதானம் பேசப் போன கோபத்தில் அவள் சொல்லாமல் வைத்திருந்தாள். கல்லூரியில் விசாரணைக் குழு போட்டார்கள். புத்தகம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சாதிக் நினைத்ததற்கு மேலேயே எல்லாம் நடந்தது. ரிஸ்வானா அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்ஸானா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“படத்தை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன் அத்தா. நீங்க கடிவாளத்தை இழுக்கல. காலால அழுத்துறீங்க.”

அவர் மறுக்கவில்லை. ஆமாம் என்றார்.

“சந்து உழுந்தா குதிரை அங்கதான் போவும்னு எழுதினவரே நீங்கதான,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

மறுநாள் சாதிக் கெடாருக்குப் போனார். சுப்பராயலு வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தது. அவரும் மனைவி வீரம்மாளும் தூசி தள்ளிக்கொண்டிருந்தார்கள். குதிரைக்கார பாய்தான் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் என்பதால் வீரம்மாள் உடனே மோர் கொண்டுவந்தாள். கலைப்பிரியா கட்டுப்போட்ட கையோடு வந்து, தான் நகரவே இல்லை, சார் தள்ளியதால்தான் விழுந்தேன் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மோரை வைத்துவிட்டு, நோட்டு திருட்டில் தொடங்கி குதிகாலை அழுத்தியது வரைக்கும் அவர்களிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

சுப்பராயலு கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“அந்தாளு ஓடுவான்னு தெரிஞ்சிக்கினுதான் எம்பொண்ணைப் பக்கத்துல நிறுத்துனீங்க. அவன் பயத்துல தள்ளுனான். நீங்க தெரிஞ்சே உட்டீங்க. எவன் பாய் பெரிய ஆளு இதுல?”

 என்ன செய்யட்டும் என்று சாதிக் கேட்டார். சுப்பராயலு யோசிக்கவே இல்லை. தன்னிடம் சொன்னதை அந்த விசாரணைக் குழுவிடமும் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுக்கிற வரைக்கும் இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்றார்.

சாதிக் இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எழுதினார். கண்ணையன் செய்ததைக் குறைத்து எழுதவில்லை, ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மிரட்டியதையும் தேதி போட்டு எழுதினார். அதே கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் தன் குதிகாலைப் பற்றியும் எழுதினார். கண்ணையனுக்கு அந்த இரண்டாவது பக்கம் பெரிய உதவியாகப் போனது. மாணவியைக் காயப்படுத்திய குற்றம் அவர் மேலிருந்து பாதி இறங்கியது. வேலை போகவில்லை, துறைத் தலைமையும் ஆய்வு மாணவர்களும் மட்டும் போயின. சாதிக்கை இனிமேல் வளாகத்துக்குள் விடக் கூடாது என்று கல்லூரி உத்தரவு போட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் இரண்டு தரம் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். அப்ஸானா மறுபடி அவரோடு பேச ஆரம்பித்தாள்.

பதிப்பாளர் அவர் பெயரில் புத்தகத்தைப் போட வந்தபோது, நாற்பத்தோராம் பக்கத்தில் ‘நான்’ என்பதை அப்படியே விடச் சொன்னார். வேறொரு இடத்தில், வரிசையில் நிற்பவனின் துணிச்சலைப் பற்றிய அத்தியாயத்தில், கெடார் கலைப்பிரியா முப்பதடியிலும் நகரவில்லை என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்த்தார். அதை அவளிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டார். சுப்பராயலு அன்றைக்கு அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், ஆனால் அதிகம் பேசவில்லை.

போன தை மாதம் திண்டிவனம் பஸ் நிலையத்தில் கண்ணையன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். உடம்பு இளைத்திருந்தது. சாதிக்கைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருகில் இருந்தவர்கள், வயசான ஆள், போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாங்களேன் என்று சாதிக்கிடம் சொன்னார்கள். அவர் போகவில்லை. கலைப்பிரியாவின் கையை நினைத்து அவருக்கு இன்றைக்கும் தூக்கம் கெடுவது உண்டு, கண்ணையனை நினைத்து ஒரு நாளும் கெட்டதில்லை. பஸ் வந்து அந்த மனிதர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் ஒருமுறை இந்தப் பக்கம் பார்க்கிற வரைக்கும் அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.